கழுத்திலிருந்தே பட்டை

போன வாரம் விடிகாலையில் கொல்லைப்பக்கம் பெரியப்பா சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாம்பு அடிபட்டுக் கிடக்கிறது. "கட்டு விரியன்மா. பசங்க யாரும் எழுந்து வரல, நல்லவேளை" என்றார். நெல்லிக்குப்பத்தில் கரும்பு வயலை ஒட்டி எங்கள் வீடு. பாம்பு எங்களுக்குப் புதிதில்லை.

குச்சியால் புரட்டினேன். வெள்ளைப் பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கி, வால் பக்கம் போகப் போக மங்கியிருந்தன. கட்டு விரியனுக்குத் தலையை விட்டுத் தள்ளித்தான் பட்டை தொடங்கும். மெல்லிய கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வால் வரை தெளிவாகப் போகும், நடுமுதுகில் பெரிய அறுகோணச் செதில் வரிசை ஓடும். இதில் அது இல்லை. இது, அறிவியல் பெயரில் சொன்னால், லைக்கோடான் ஆலிகஸ். புத்தகத்தில் வெள்ளிக்கோல் வரையன் என்று இருக்கும், எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பல்லி தேடி வீட்டுக்குள் வரும். அது கடித்தால் மனிதருக்கு விஷம் கிடையாது. பாவம், பெயர் மாறிப் போனதால் செத்தது.

அதைவிட 'விரியன்' என்ற சொல்தான் என்னைப் பல வருடமாக உறுத்துகிறது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் என்று சொன்னால் மூன்றும் அண்ணன் தம்பி போலத் தோன்றும். விலங்கியல் படிக்கப் போகும்வரை நானும் அப்படித்தான் நம்பினேன். முதல் இரண்டும், அதாவது டபோயா ரஸ்ஸலியும் எக்கிஸ் கேரினேட்டஸும், உண்மையிலேயே ஒரே குடும்பம். நீளமான, மடங்கும் நச்சுப்பல். நம் ஊரில் இரண்டும் குட்டி போடும். கட்டு விரியனோ, பங்காரஸ் செருலியஸ், நல்ல பாம்புக்குப் பங்காளி. பல் குட்டை, மடங்காது. முட்டைதான் இடும். விஷம் நரம்பைப் பிடிக்கும்.

நான் பதினோராம் வகுப்பு படிக்கும்போது, தரையில் படுத்திருந்த அத்தையை நடு ராத்திரியில் ஏதோ கடித்தது. லேசாகச் சுருக்கென்றது என்றார், அவ்வளவுதான். "விரியனா இருந்தா இந்நேரம் கால் வீங்கியிருக்கும்" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். வீக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதலில் வயிற்று வலி, அப்புறம் இமை இரண்டும் தொங்கிவிட்டன, பேச்சு குழறியது. நான்கு நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து பிழைத்தார். கட்டு விரியன் கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்த மூன்று விரியனுக்கும் நல்ல பாம்புக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் போடுகிறார்கள். என்ன பாம்பு என்று தெரியட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

அதற்காக ஊர்ப்பெயர்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பங்காரஸ் என்பதே தெலுங்கு 'பங்காரு', தங்கம். பேட்ரிக் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்கார மருத்துவர் 1796இல் நம் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிப் புத்தகம் போட்டபோது, இந்த ஊர்க்காரர்கள் சொன்ன பெயர்களையும் எழுதி வைத்தார். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இருப்பது அவர் பெயர்தான். பச்சைப் பாம்பைப் பாருங்கள், அறிவியல் பெயர் அஹேட்டுல்லா. சிங்களத்தில் அதற்குக் கண்ணைக் கொத்துவது என்று பொருள். நம் பாட்டிகள் சொல்லும் கண்கொத்திப் பாம்பேதான்! நான் படித்த காலத்தில் அது அஹேட்டுல்லா நசுட்டா. 2020இல் ஆராய்ந்து பிரித்தபின் அந்தப் பெயர் இலங்கைப் பாம்புக்கு மட்டும் என்றாகி, நம் சமவெளியில் இருப்பது ஆக்ஸிரிங்கா ஆகிவிட்டது. கண்கொத்தி மட்டும் கண்கொத்தியாகவே இருக்கிறது.

நேற்று ராத்திரி மாட்டுக்கொட்டகையிலிருந்து பெரியப்பா மறுபடி கூப்பிட்டார். கையில் தடி இல்லை, டார்ச் மட்டும்தான். எட்ட நின்றுகொண்டு, "கழுத்துலேர்ந்தே பட்டை இருக்குதான்னு வந்து பாரும்மா" என்றார்.