புதன்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இடையில்

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்கள் வெளியிடும் இம்மலருக்கு, ரங்கூனை விட்டுப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களுள் ஒருவன் என்ற முறையில் என்னையும் எழுதச் சொன்னார்கள். பள்ளிக் கட்டடத்தைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் உங்களுள் பலர் இருக்கிறார்கள். ஆகவே, சகவிசுவாசி ஒருவனின் குற்றத்தை அவனுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று நம் வேதபாட ஆசிரியர் எனக்குக் கற்பித்ததை மட்டும் எழுதுகிறேன்.

1962ஆம் ஆண்டில் எனக்குப் பதினாறு வயது. சபை வாலிபர் சங்கத்தின் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பை, கூட்டல் கழித்தலில் நான் கெட்டிக்காரன் என்பதற்காக என்னிடம் கொடுத்திருந்தார்கள். அவ்வாண்டு அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைத்தாரும் பூசணிக்காயும் கோழியும் நல்ல விலைக்குப் போயின. ஆனால் ஏலச்சீட்டையும் பேரேட்டையும் ஒப்பிட்டபோது பதினைந்து கியாட் குறைந்தது. பொருளாளராக இருந்தவர் அரிசி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நான் எழுந்து, “பாவஞ்செய்தவர்களை மற்றவர்களுக்குப் பயமுண்டாகும்படி, எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்” என்ற தீமோத்தேயு நிருபத்தின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, குறைந்த தொகையையும் சொன்னேன். அண்ணன் மறுக்கவில்லை. சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்று எடுத்ததாகத் தலைகுனிந்தபடி சொல்லிவிட்டு வெளியே போனார். என் கணக்கு சரியாக இருந்தது. அன்றிரவு நான் மிகுந்த திருப்தியோடு உறங்கினேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் ஆசிரியர் என்னை நிறுத்திக்கொண்டார். மற்ற பையன்கள் எல்லாரும் படியிறங்கிப் போகும்வரை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, அந்தக் கணக்கை நீ என்றைக்குப் பார்த்தாய்?” என்று கேட்டார்.

“புதன்கிழமை, சார்.”

“கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் மூன்று நாள் இருந்திருக்கிறது. அவன் வீடு உங்கள் தெருவுக்கு அடுத்த தெருதானே?”

நான் பதில் சொல்லவில்லை. அந்த மூன்று நாட்களும் நான் வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

பிறகு வேதாகமத்தைத் திறந்து, நான் சொன்ன வசனத்துக்கு முந்தின வசனத்தை வாசிக்கச் சொன்னார். அது மூப்பர்களைப் பற்றியது. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பன்மேல் குற்றச்சாட்டை ஏற்கக் கூடாது என்பது. மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் சொல்லும் முறையோ, “நீயும் அவனும் தனித்திருக்கையில்” என்றுதான் தொடங்குகிறது. சாட்சிகளும் சபையும் அதற்குப் பின்னரே வருகிறார்கள். பேதுருவைப் பவுல் அந்தியோகியாவில் எல்லாருக்கும் முன்பாக எதிர்த்தாரே என்று நான் வாதாடினேன். புறஜாதியாரோடு உண்ணாமல் பேதுரு விலகிய தவறு பந்தியில் எல்லார் கண்ணுக்கும் முன்பாக நடந்தது, அதைப் பார்த்துப் பர்னபாவும் இழுப்புண்டு போனான், அதனால் மருந்தும் அங்கேயே கொடுக்கவேண்டியிருந்தது, பதினைந்து கியாட் விஷயம் உனக்கும் அவனுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது என்றார். “சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள்” என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய இடத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல்தான், செபெதேயுவின் குமாரர் படகில் வலைகளைப் பழுதுபார்த்ததைச் சொல்லும் இடத்திலும் வருகிறது என்று அன்றுதான் அறிந்தேன். கிழிந்த வலையை யாரும் கூட்டத்தில் தூக்கிக் காட்டுவதில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தினார்.

அவர் வகுப்பில் அடிக்கடி சொன்ன ஒரு வரலாறும் உங்களுள் சிலருக்கு நினைவிருக்கும். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813இல் ரங்கூனில் வந்திறங்குவதற்கு முன்பே, வங்காளத்துச் செராம்பூரில் ஊழியம் செய்த மிஷனரி வில்லியம் கேரியின் மூத்த மகன் பீலிக்ஸ் இங்கே ஊழியம் செய்துகொண்டிருந்தார். 1814இல் மேல் பர்மாவிலுள்ள ஆவாவுக்குப் போகும் வழியில் ஐராவதியில் கப்பல் கவிழ்ந்து, மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தார். பின்னர் பர்மிய மன்னரின் தூதராகக் கல்கத்தாவுக்குப் போனபோது, மிஷனரியாக இருந்த மகன் தூதனாகச் சுருங்கிப்போனான் என்று தந்தை வருந்தி எழுதினார். அந்தப் பதவியும் நிலைக்காமல் பீலிக்ஸ் சில ஆண்டுகள் அலைந்து திரிந்தார். 1818இல் கேரியின் உடன் ஊழியர் வில்லியம் வார்டு அவரைச் சிட்டகாங்கில் கண்டு, பேசி, செராம்பூருக்குத் திரும்பி வரச் செய்தார். 1822இல் இறக்கும்வரை பீலிக்ஸ் அங்கே மொழிபெயர்ப்புப் பணியில் உழைத்தார். “தகப்பன் எழுதிய வாக்கியத்தைப் பிரசங்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், கூட்டிக்கொண்டு வந்தவர் பெயரை ஒருவரும் சொல்வதில்லை” என்பது எங்கள் ஆசிரியரின் குறை. தந்தையின் வருத்தமும் உண்மையானதுதானே என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் ஆசிரியர் எதைச் சொல்ல வந்தார் என்பது அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

அண்ணன் வீட்டுக்கு மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறையும் அவருடைய அம்மா வெளியே வந்து, அவன் வீட்டில் இல்லை என்றார். உள்ளே அவர் செருமும் சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாம் முறை அவரே வந்து, பணத்தைப் போதகரிடம் கட்டியாயிற்று, இன்னும் என்ன என்று கேட்டார். புதன்கிழமையே வந்திருக்கவேண்டியவன் இப்போது வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. வாலிபர் சங்கத்துக்கு அவர் அதன்பின் வரவேயில்லை. ஆராதனைக்கு மட்டும் வந்து, கடைசி வரிசையில் அமர்ந்துவிட்டு, ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறுவார்.

1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையானதும், மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையானதும், அதன்பின் சென்னைக்குக் கப்பல் கப்பலாக நம்மவர்கள் போனதும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அண்ணன் வேலை செய்த மண்டியும் போயிற்று. கப்பலுக்கு இடம் கிடைத்த வாரத்தில் ஒரு மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அம்மா தேநீர் வைத்துவிட்டு உள்ளே போகும்வரை பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர், பிறகு குரலைத் தாழ்த்தி, “தம்பி, பாடகர் குழுவில் அந்தச் சின்னப் பையன் சுருதி தப்பும்போதெல்லாம் நீ பாட்டை நிறுத்தி அவன் பெயரைச் சொல்கிறாய். கடைசி வரிசையில் இருப்பதால் எனக்கு அவன் முகம் தெரிகிறது” என்றார்.

நான் அவரோடு சூலே பகோடா வரை நடந்து போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும், மற்றவர்கள் எல்லாரும் போகட்டும் என்று பாட்டுப்புத்தகங்களை மெதுவாக அடுக்கிக்கொண்டே, அந்தப் பையனைச் சற்று நிற்கச் சொன்னேன்.