ஆன்டிபாடி குப்பிக்குள்ள என்ன கலந்திருக்குன்னு மொதல்ல பாருங்க

மிளகாய்த்தூள்ல இருக்கிற அஃப்ளடாக்ஸின் பி1-ஐ (ஒரு பூஞ்சை நச்சு) மேக்னட்டிக் நானோ துகள் வச்சு தனியா பிடிக்கிற வேலை ஒருவழியா முடிஞ்சிருச்சு. முடிஞ்சும் வயித்தெரிச்சல் அடங்கல, அதான் எழுதறேன். இங்க லேப்ல இதே வேலைல இறங்கப்போற யாருக்காவது உதவும்.

துகள் பக்கம் ஒரு தொல்லையும் இல்ல. உள்ள இரும்பு ஆக்ஸைடு, மேல சிலிக்கா, அதுக்கு மேல கார்பாக்ஸில், ஈடிசி-என்எச்எஸ் (கார்பாக்ஸிலையும் அமீனையும் இணைக்கிற ரசாயனங்கள்) போட்டு, டாக்ஸினப் பிடிக்கிற புரோட்டீனான ஆன்டிபாடிய ஒட்டறது, அவ்வளவுதான். நம்ம ஊரு காத்து ஈரத்துக்கு ஈடிசி சீக்கிரம் போயிரும், ஃப்ரீசர்ல இருந்து எடுத்ததும் மூடியத் திறக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வரட்டும்.

வினை பர்ச்சேஸிங்ல வந்துச்சு. ரிக்வெஸ்ட்ல "பிஎஸ்ஏ இருக்கக்கூடாது, வெறும் பிபிஎஸ்"னு தெளிவா போட்டிருந்தேன். பிஎஸ்ஏன்னா ஆன்டிபாடி கெடாம இருக்க கூட சேக்கிற மாட்டு ரத்த ஆல்புமின் புரோட்டீன், பிபிஎஸ் பாஸ்பேட் உப்புக் கரைசல். அவங்க கொட்டேஷன் எல்லாம் வரிசையா வச்சு எது மலிவோ அத ஆர்டர் பண்ணிட்டாங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. பெட்டி வெள்ளிக்கிழமையே வந்திருக்கு, லேபிள்ல என் பேர் இல்லன்னு ஸ்டோர்ல கிடந்திருக்கு. திங்கக்கிழமை போய் நின்னா ஸ்டோர் அண்ணன், "டிஓ (டெலிவரி ஆர்டர்) பேப்பர் இல்லாம நான் எப்படிம்மா குடுக்கறது"ங்கறார், அத வாங்க ஆபீஸ் போனா லஞ்ச்னு கதவு சாத்தியிருக்கு. ஆனா அவர்தான் பெட்டியில இருந்த குறிப்பப் படிச்சுட்டு சில்லர்ல எடுத்து வச்சிருந்தார், இல்லன்னா வார இறுதிலயே ஆன்டிபாடி கெட்டிருக்கலாம், அவருக்கு கோடி நன்றி.

குப்பி மேல பேரும் 1 மில்லிகிராம்/மில்லின்னும் மட்டும்தான் இருந்துச்சு, டேட்டாஷீட் கிடையாது. கப்ளிங் (துகள்ல ஒட்டற வேலை) பண்ணி, மேல நின்ன திரவத்துல பிராட்ஃபோர்ட் (புரோட்டீன் அளக்கிற டெஸ்ட்) பாத்தா புரோட்டீன் நல்லாவே குறைஞ்சிருக்கு. அப்ப ஆன்டிபாடி ஒட்டிருச்சுன்னுதானே யாரும் நினைப்பாங்க? அளவு தெரிஞ்ச அஃப்ளடாக்ஸின கலந்த மிளகாய் சாறுல துகளப் போட்டு, காந்தத்துல இழுத்து, கழுவி, மெத்தனால்ல இறக்கி எச்பிஎல்சில (கலவைய பிரிச்சு அளக்கிற கருவி) ஓட்டினா பீக் வரவேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்ல. டாக்ஸின் முழுக்க கழுவின தண்ணிலயே போயிருக்கு.

சப்ளையர நச்சரிச்சு லாட் நம்பருக்கான ஷீட்ட வாங்கினப்பதான் தெரிஞ்சுது, உள்ள 1% பிஎஸ்ஏ. அதாவது மில்லிக்கு 10 மில்லிகிராம், எடைல ஆன்டிபாடி மாதிரி 10 மடங்கு. மூலக்கூறு எடைல பிஎஸ்ஏ 66 கிலோடால்டன், ஆன்டிபாடி 150, அதனால எண்ணிக்கைல பாத்தா 20 மடங்குக்கு மேல. பீக் ஹவர் எம்ஆர்டி ரயில்ல சீட்டு பிடிக்கிற மாதிரி துகள் மேல இடத்தையெல்லாம் பிஎஸ்ஏ பிடிச்சிருச்சு, பிராட்ஃபோர்ட்ல குறைஞ்சதும் அதுதான். பர்ச்சேஸிங்ல கேட்டா "க்ளோன் நம்பர் (எந்த ஆன்டிபாடிங்கற அடையாள எண்) சேம்தானே லா"ன்னு பதில். குப்பி திறந்தாச்சு, சப்ளையர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க.

100 கிலோடால்டன் ஃபில்டர் போட்டு பிரிச்சிரலாம்னு பலர் சொல்வாங்க, நம்பாதீங்க, 66-ம் 150-ம் அதுல சுத்தமா பிரியாது. ரீகாம்பினன்ட் (மரபணு மாத்தி செஞ்ச) புரோட்டீன் ஜி போட்ட காலம், அதாவது ஆன்டிபாடிய பிடிச்சு வைக்கிற குழாய், அதான் வழி, ஆல்புமின் ஒட்டற பகுதிய அதுல நீக்கியிருப்பாங்க, அதனால ஆன்டிபாடி மட்டும் நிக்கும். ஆனா இங்க இன்னொரு பொறி இருக்கு, இறக்கறது ஆசிட் கிளைசின்ல, நியூட்ரலைஸ் பண்றது ட்ரிஸ்ல, ரெண்டுலயும் அமீன், அப்படியே ஈடிசில கொண்டுபோனா அதுங்கதான் போய் ஒட்டும். பஃபர (கரைசல) மாத்திட்டுத்தான் அடுத்த ஸ்டெப்.

அப்புறம் எல்லாம் நேரா போச்சு. மெத்தனால்ல எடுத்த மிளகாய் சாற பிபிஎஸ்ல நல்லா நீர்த்துட்டுத்தான் துகளப் போடணும், இல்லன்னா ஆன்டிபாடியே வேலை செய்யாது. துகள காயவிடாதீங்க, ஃப்ரீஸ் பண்ணாதீங்க. தண்ணி கலந்த மொபைல் ஃபேஸ்ல (எச்பிஎல்சில ஓடற திரவம்) பி1 மங்கலாதான் ஒளிரும், டிடெக்டருக்கு முன்னாடி யூவி ரியாக்டர் வச்சதும் பீக் அழகா எழுந்துச்சு. மிளகாய்க்கு ஐரோப்பால பி1 வரம்பு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், அந்த அளவையும் சிவப்புச் சாயத்துக்கு நடுவுல பிரிச்சு எடுத்தப்ப லேப்ல நான் கத்தியே விட்டேன்.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பிஎஸ்ஏ, ஜெலட்டின், ட்ரிஸ், கிளைசின், அசைடு (கெடாம இருக்கப் போடற ரசாயனம்) இதுல எது இருக்குன்னு சப்ளையர்கிட்ட ஈமெயில்ல கேளுங்க. அந்தப் பதில ரிக்வெஸ்ட்டோட சேத்து, "மாத்துனா எங்கிட்ட கேக்கணும்"னும் எழுதிருங்க. போன தடவை அப்படிப் போட்டதுக்கு பர்ச்சேஸிங்ல இருந்து அவங்களே கூப்பிட்டு கேட்டாங்க.