தகுந்த நடவடிக்கை

"சார், அபராதம்தானே? அதுக்கு மேல ஒண்ணும் இல்லையே?"

துப்புரவு ஒப்பந்தக்காரர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "முதல்ல பதில் எழுதிக் குடுங்க, பாத்துக்கலாம்" என்றேன்.

பொய் இல்லை. முடிவு என்ன ஆகும் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. ஆனால் ஃபைலின் ஓரத்தில் மேலதிகாரி பென்சிலால் '151' என்று எழுதியிருந்ததைப் பார்த்திருந்தேன். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் விதி 151-ஐப் பிடித்தால், இரண்டு வருடம் வரை எங்கள் ஆபீஸ் டெண்டர் பக்கமே அவர் வர முடியாது.

அந்த நோட்டீஸை எழுதியதும் நான்தான். "ஏன் தகுந்த நடவடிக்கை எடுக்கக் கூடாது" என்ற வரியைப் பழைய நோட்டீஸிலிருந்து எடுத்து ஒட்டினேன். அந்த வரிக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம்.

தப்பு அவர் பேரில்தான். பதினோரு பெண்களுக்கு நான்கு மாதம் பி.எஃப். கட்டாமல் வேறொரு சைட்டின் சலானை எங்கள் பில்லோடு இணைத்திருந்தார். ஒரு அம்மா போனில் பாஸ்புக்கைக் காட்டிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு இரக்கம் வருவதில்லை. ஆனால் அந்த நான்கு மாதமும் அவருடைய பில் எங்கள் அக்கவுண்ட்ஸில் கிடந்தது. பதிலில் அதை அவர் எழுதவே இல்லை. அபராதம்தானே என்று நினைத்து, வருந்துகிறேன் என மூன்று வரியோடு முடித்துவிட்டார். எனக்குத் தெரியும், நானும் ஃபைல் நோட்டில் போடவில்லை. அவரே சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்? பாதி நாள் இது சரியான வாதமாகத்தான் படுகிறது.

இரண்டு வருடத் தடை வந்தது. எந்த டெண்டருக்குப் போனாலும் தடை உண்டா என்று உறுதிமொழி கேட்பார்கள், ஆகவே மற்ற இடங்களும் போயின. பி.எஃப். பாக்கியை அவருடைய பில்லில் பிடித்துத்தான் கட்டினோம். அப்போது அந்த பில் ஒரே வாரத்தில் பாஸாகிவிட்டது.

2020 நவம்பரில் இந்திய உணவுக் கழக வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. கருப்புப் பட்டியலில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் நோட்டீஸிலேயே அது தெளிவாக இருக்க வேண்டும் என்றது. 2014-இல் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கிலேயே சொல்லிவிட்ட விஷயம்தான், நான் படித்திருக்கவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போயிருந்தால் எங்கள் உத்தரவு நின்றிருக்குமா என்பது சந்தேகம். தடை முடிய இன்னும் சில மாதம் இருந்தது. அவர் நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிடவில்லை. எங்கள் ஆபீஸுக்கு எதிராக நானே வழி சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியாது. அப்படியென்றால் அந்த நம்பரை ஏன் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்?

நோட்டீஸ் வாசகத்தை மட்டும் மாற்றினேன். இப்போது எல்லா நோட்டீஸிலும் தடை பற்றிய வரி ஒன்று தானாகவே போகிறது. போன வாரம் பினாயில் சப்ளை செய்கிற பையன் ஒருவன் வந்தான். நாலு நாள் தாமதம், அவ்வளவுதான்.

"சார், பிளாக்லிஸ்ட்னு போட்டிருக்கே?"

"அது எல்லாருக்கும் போடறதுதான்ப்பா. பதில் எழுதிக் குடு, பாத்துக்கலாம்" என்றேன்.