10.20 மணிக்கே 11.15 மணி விலை தெரிந்த கதை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் குறுவை நடவு முடிந்த கையோடு பங்குகளைத் தானாக வாங்கி விற்கும் புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். திட்டம் ரொம்பச் சின்னது. கேண்டில் என்பது ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் விலை தொடங்கி, ஏறி இறங்கி, முடிந்ததைக் காட்டும் பட்டை. மணி கேண்டிலில் விலை 20 இஎம்ஏவுக்கு (அண்மை விலைகளுக்கு அதிக எடை தரும் சராசரி) மேலே இருந்தால் மட்டும், 5 நிமிட கேண்டிலில் வாங்க இடம் தேட வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "ஆத்துல தண்ணி வந்தா மடையைத் தொறக்கணும், அதானே?" என்றார். அதேதான்.

பைத்தானில் எழுத இரண்டு நாள்கூட ஆகவில்லை. 5 நிமிட டேட்டாவை பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தில் ரீசாம்பிள் செய்து, அதாவது தொகுத்து, மணி கேண்டில்களாக்கி, நேரத்தை வைத்து இரண்டையும் இணைத்தேன். பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டில் பத்துக்கு எட்டு டிரேடு லாபம்! அன்று ராத்திரி தூக்கமில்லை, எவ்வளவு பணம் போடலாம் என்ற கணக்குதான் ஓடியது.

மறுநாள் பார்த்தால் நாளின் முதல் மணி கேண்டில் 9.00 என்று நிற்கிறது. நம் சந்தை திறப்பதே 9.15க்கு. பாண்டாஸ் கடிகார மணிக்கு வெட்டியதால் முதல் கேண்டிலில் 45 நிமிடம்தான் இருந்தது. வெட்டும் இடத்தைத் தள்ள ஆஃப்செட்டாக 15 நிமிடம் கொடுத்ததும் அது சரியானது. லாபம் மட்டும் அசையவில்லை.

பணம் போடாமல் ஒரு வாரம் லைவ் டேட்டாவில் ஓடவிட்டேன். பேக்டெஸ்ட் வாங்கிய இடங்களில் பாதியில் லைவ் வாங்கவே இல்லை. ஒரு நாளை மட்டும் எடுத்து வரிவரியாக பிரிண்ட் போட்டேன். 10.20 வரியில் 10.15 என்ற மணி கேண்டில் ஒட்டியிருந்தது. பாண்டாஸ் கேண்டிலுக்கு அதன் தொடக்க நேரத்தைத்தான் பெயராக வைக்கும். அந்தக் கேண்டில் முடிவது 11.15க்கு. மூட்டையை எண்ணிய பிறகு எந்த விதை நல்ல விதை என்று சொல்கிற ஆளாக இருந்திருக்கிறது என் புரோகிராம்.

முடிந்த கேண்டில் மட்டுமே கண்ணில் படும்படி மணி கேண்டில்களை ஒரு வரி கீழே தள்ளினேன், அவ்வளவுதான். பத்துக்கு எட்டு, நாலானது. புரோக்கரேஜ், எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) எல்லாம் போக நஷ்டம்.

தள்ளியதில் இன்னொன்றும் தெரிந்தது. காலை 10.15 வரை புரோகிராம் பார்ப்பது முந்தைய நாளின் கடைசி மணி கேண்டிலை. அதுவோ 3.15 முதல் 3.30 வரையுள்ள கால் மணித் துண்டு. அதை நம்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை. 10.15க்கு முன் டிரேடு கிடையாது என்று வைத்துவிட்டேன்.

புரோகிராமே புரோக்கரிடம் நேராக, அதாவது ஏபிஐ வழியாக, ஆர்டர் போட ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 பிப்ரவரியில் அறிவித்த விதி. வீட்டு நெட்டில் அது இல்லை, ஐப்பசி மழையில் கரண்ட் வேறு போகும். மாத வாடகைக்கு கிளவுட் சர்வர் எடுத்தேன்.

இப்போது சோதனையாக புரோகிராம் ஒரே ஒரு பங்கு வாங்கி விற்கிறது. நேற்று முழுக்க ஓர் ஆர்டரும் போகவில்லை. புரோகிராம் எழுதிவைக்கும் பதிவான லாகைத் திறந்தேன். ஒவ்வொரு மணியிலும் விலை இஎம்ஏவுக்குக் கீழேதான். "தண்ணி வரலையா?" என்றார் அப்பா.