சீன அரச வம்சங்களும் குடிக்கணக்கு ஏடுகளும்

சீன வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் வம்சங்களின் வரிசையையே முதலில் தருகிறார்கள்: சின், ஹான், சூயி, தாங், சொங், யுவான், மிங், சிங். ஒன்று வீழ்ந்து மற்றொன்று எழுந்ததற்குப் பழைய சீன அறிஞர்கள் தந்த காரணம் ‘வானத்தின் ஆணை’. அறம் தவறிய மன்னனிடமிருந்து வானம் தன் ஆணையைத் திரும்பப் பெற்றுத் தகுதியுள்ள வேறொருவனிடம் ஒப்படைக்கிறது என்றார்கள். வென்றவன் எவனாயினும் அவனுக்குப் பொருந்திவிடும் இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. எவ்வளவு நிலமும் எத்தனை குடிகளும் அரசின் ஏட்டில் இருந்தன, எவ்வளவு ஏட்டுக்கு வெளியே போயின என்று கேட்டுக்கொண்டே படிக்கும்போதுதான் இந்த வரிசை எனக்குப் பிடிபட்டது.

கி.மு. 221இல் சீனாவை ஒன்றிணைத்த சின் பேரரசு, பரம்பரைக் குறுநிலத் தலைவர்களை நீக்கி, நாட்டை 36 நிர்வாகப் பகுதிகளாகப் பிரித்து, தான் நியமித்த அதிகாரிகளைக் கொண்டு ஆண்டது. மார்க்சிய வரலாற்றாசிரியர்கள் இதற்குப் பிந்தைய காலத்தையும் நிலப்பிரபுத்துவச் சமுதாயம் என்றே அழைக்கிறார்கள். ஆனால் ஐரோப்பாவில் இருந்ததைப் போலத் தனிப்படையும் தனி நீதிமன்றமும் கொண்ட பிரபுக்களை மனத்தில் வைத்துக்கொண்டால் சீனாவைப் புரிந்துகொள்ள முடியாது. இங்கே நிலக்கிழார் தம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். பிற்காலத்தில் தம் மகனைத் தேர்வு எழுதவைத்து அரசு அதிகாரியாக்கினார். குடியானவரின் விளைச்சலில் அரசுக்கு எவ்வளவு, நிலக்கிழாருக்கு எவ்வளவு என்ற இழுபறி ஈராயிரம் ஆண்டுகள் ஓயவில்லை.

சின் ஆட்சி 15 ஆண்டுகளில் முடிந்தது. அதன் வீழ்ச்சியில் என்னை மிகவும் கவர்ந்தது சியாவ் ஹே என்பவரின் செயல். சின் அரசை எதிர்த்துக் கிளர்ந்த லியூ பாங்கின் படை சின் தலைநகரான சியான்யாங்கில் நுழைந்தபோது மற்றத் தளபதிகள் பொன்னையும் பட்டையும் தேடி ஓட, சியாவ் ஹே மட்டும் சின் அரசின் சட்டங்களையும் வரைபடங்களையும் பதிவேடுகளையும் கைப்பற்றிப் பாதுகாத்தார் என்று ஹான் காலத்து வரலாற்றாசிரியர் சீமா சியன் எழுதுகிறார். எங்கே கோட்டை இருக்கிறது, எந்தப் பகுதியில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதெல்லாம் லியூ பாங்குக்கு இவ்வாறுதான் தெரியவந்தது. சின் ஆட்சியில் கீழ்நிலை அலுவலராக இருந்த அவர் கி.மு. 202இல் ஹான் வம்சத்தின் முதல் பேரரசரானார்.

ஹான் அரசு பின்னர் நிலவரியை விளைச்சலில் முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தது. ஆனால் சொந்த நிலம் இல்லாதவர் விளைச்சலில் பாதியைக் குத்தகையாகக் கொடுத்ததால் இந்தச் சலுகை நிலக்கிழாரோடு நின்றுவிட்டது. கி.பி. 9இல் அரியணையைக் கைப்பற்றிய வாங் மாங், நிலம் முழுவதும் அரசுடையது, அதை விற்கவோ வாங்கவோ கூடாது என்று ஆணையிட்டார். மூன்றே ஆண்டுகளில் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது.

தாங் காலத்து எண்களைப் பாருங்கள். கி.பி. 755இல் அரசின் கணக்கில் இருந்த மக்கள் 5 கோடியே 29 லட்சம். அதே ஆண்டின் இறுதியில் எல்லைப்படைத் தளபதி ஆன் லூஷானின் கலகம் தொடங்கியது. கி.பி. 760இல் கணக்கில் எஞ்சியவர்கள் 1 கோடியே 70 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த வேறுபாடு முழுவதையும் உயிரிழப்பாகக் காட்டும் எழுத்துகள் இன்றும் பரவிவருவது எனக்கு வருத்தமளிக்கிறது. போரிலும் பஞ்சத்திலும் இறந்தவர்கள் ஏராளம் என்பது உண்மையே. ஆனால் ஊரைவிட்டு ஓடியவர்களும், பெரிய வீடுகளின் நிழலில் ஒதுங்கியவர்களும், கணக்கு அனுப்ப மறுத்த தளபதிகளின் பகுதிகளில் வாழ்ந்தவர்களும் அந்த எண்ணிலிருந்து மறைந்துபோனார்கள். ஆளுக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு வரி என்ற பழைய முறை அத்துடன் உடைந்தது. 780இல் தலைமை அமைச்சர் யாங் யான் கொண்டுவந்த புதிய முறை சொத்தின் அளவைப் பார்த்து ஆண்டுக்கு இருமுறை வரி வாங்கியது. தாங் வம்சம் அதன்பின் 907 வரை நீடித்ததற்கு இச்சீர்திருத்தத்தையும் ஒரு முதன்மைக் காரணமாக நான் கருதுகிறேன்.

சொங் வம்சத்தின் இறுதிப் படை 1279இல் யுவான் வம்சத்தை நிறுவிய மங்கோலியரிடம் தோற்றது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1281இல், சுவான்சோ துறைமுகத்தில் சிவன் கோயில் ஒன்று அமைக்கப்பட்டதைக் மங்கோலியப் பேரரசரான கானின் நலன் வேண்டிப் பொறித்த தமிழ்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஆட்சி கைமாறிய அத்தனை விரைவில் நம் வணிகர்கள் புதிய அரசோடு உறவு அமைத்துக்கொண்டார்கள்.

ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து, பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, புத்த மடத்தில் அடைக்கலம் புகுந்த சூ யுவான்சாங் 1368இல் மிங் வம்சத்தை நிறுவினார். குடும்பங்களைப் பதிந்த மஞ்சள் ஏடுகளும், வயல்களை மீன் செதில் அடுக்கியதுபோல் வரைந்து காட்டிய நில ஏடுகளும் அவர் ஆட்சியில் நாடெங்கும் எழுதப்பட்டன. மஞ்சள் ஏடுகள் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, நாஞ்சிங்கில் தீப்பிடிக்காதிருக்க ஏரித் தீவுகளில் வைக்கப்பட்டன. தீயிலிருந்து அவற்றைக் காக்க முடிந்ததே தவிரப் பொய்க் கணக்கிலிருந்து காக்க முடியவில்லை. தேர்வில் வென்றவர்களுக்கு வரியிலும் கட்டாய ஊழியத்திலும் சலுகை இருந்ததால், சிறு விவசாயிகள் தங்கள் நிலத்தை அவர்கள் பெயருக்கு மாற்றி எழுதினார்கள். விட்டுப்போன வரி எஞ்சியவர்கள் தலையில் விழுந்தது. பேரரசர் வான்லியின் தலைமை அமைச்சரான சாங் சூசெங் 1580ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடு முழுவதும் நிலத்தை மறுபடி அளக்கச் செய்தார். 1582இல் அவர் இறந்தபின், அவருடைய எதிரிகளின் குற்றச்சாட்டுகளை ஏற்று, பேரரசர் அவர் குடும்பத்தின் சொத்தைப் பறிமுதல் செய்தார்.

பின்பு வடகிழக்கில் மஞ்சுக்களுடனும் உள்நாட்டில் கலகக்காரர்களுடனும் போரிட, மிங் அரசு மூன்று கூடுதல் வரிகளை அடுத்தடுத்து விதித்தது. வறட்சியால் வாடிய ஷான்சியில், சிக்கனத்துக்காக அஞ்சல் நிலையங்கள் குறைக்கப்பட்டபோது வேலை இழந்தவர்களுள் ஒருவரான லி சிசெங் கலகத்தில் சேர்ந்து அதன் தலைவராக உயர்ந்தார். 1644 ஏப்ரலில் அவர் பெய்ஜிங்கைப் பிடித்தார்; பேரரசர் சோங்சென் அரண்மனைக்குப் பின்னுள்ள குன்றில் தூக்கிட்டு இறந்தார். சில வாரங்களில் மஞ்சுக்கள் நகருக்குள் வந்து அங்கே தங்கள் சிங் ஆட்சியை நிலைநாட்டினார்கள். அந்த ஆண்டே அவர்கள் மூன்று கூடுதல் வரிகளையும் நீக்குவதாக அறிவித்து, சாங் சூசெங் நிலத்தை அளக்கச் செய்த வான்லி காலத்து வரி அளவுகளையே தங்கள் வரிக்கும் அடிப்படையாகக் கொண்டார்கள்.