ஸ்தோத்திரக் கொப்பி: மட்டக்களப்பு, 2025

பெப்ரவரி 10, திங்கள்

குடும்ப ஜெபத்தில் ஸ்தோத்திரம், அதாவது கடவுளுக்குச் சொல்லும் நன்றியும் துதியும், தேய்ந்துபோக ஒரு கிழமை போதும். முதல் நாள் "சுகம் தந்தீர், உணவு தந்தீர், ஸ்தோத்திரம்" என்று தொடங்குவோம். நாலாம் நாளும் அதே வரிதான். வாய் சொல்லும், நினைவு அடுப்படியில் நிற்கும். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது வேதாகமத்தின் சங்கீதம் 103:2. மறவாமலிருக்க ஒவ்வொரு உபகாரத்துக்கும் ஒரு பேர் வேண்டும்.

40 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். படுக்கப் போகமுன் திகதி போட்டு மூன்று வரி எழுதுங்கள். "தண்ணீருக்கு ஸ்தோத்திரம்" என்றால் அடுத்த கிழமை வாசிக்கும்போது ஒன்றும் நினைவு வராது. "வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தும் இந்தக் கிழமை கிணற்றுத் தண்ணீர் கரிக்கவில்லை" என்று எழுதினால் வாளியும் கயிறும் கண்ணில் வரும். காலையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, ஒவ்வொரு வரிக்கும் எல்லோரும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" சொல்லட்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. விண்ணப்பம் அதற்குப் பிறகுதான். அதை முன்னே விட்டால் முழு நேரத்தையும் தின்றுவிடும்.

பெப்ரவரி 11, செவ்வாய்

நன்றி எது, துதி எது என்று பிள்ளைகள் கேட்டால் வாக்கியம் முடிகிற இடத்தைக் காட்டுங்கள். "தந்தீர், காத்தீர், நடத்தினீர்" என்று முடிந்தால் நன்றி. "நீர் நல்லவர், நீர் பரிசுத்தர்" என்று முடிந்தால் துதி. கொப்பியில் எழுத ஒன்றும் அகப்படாத நாளிலும் இரண்டாவதைச் சொல்லலாம்.

பெப்ரவரி 13, வியாழன்

ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் கணக்குப் பாருங்கள்: ஒரு வரிக்கு மூன்று விநாடி என்றாலும் 50 நிமிடம் வேண்டும். அரை மணித்தியாலத்தில் முடிக்கிறவர்கள் பாதி வரிகளை விழுங்குகிறார்கள். ஒரு நாளைக்கு நூறாகப் பத்து நாள் சொல்லலாம். ஒரு வரிக்கு ஒரு மூச்சு, நாளுக்கு ஐந்து நிமிடம்.

சிறுவர் உள்ள வீட்டுக்கு சங்கீதம் 136 இன்னும் பொருந்தும். 26 வசனம், ஒவ்வொன்றிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது". முதற்பாதி பெரியவருக்கு, மறுமொழி பிள்ளைகளுக்கு. பத்தாம் வசனம் தாண்டியதும் பிள்ளைகள் வேகம் பிடிப்பார்கள். அதட்டவேண்டாம். மறுமொழி முழுதாக அடங்கும்வரை வாசிக்கிறவர் காத்திருந்தால் வேகம் தானாக இறங்கும். முடிவில் கொப்பி வரி ஒன்றையும் அதே அச்சில் சேருங்கள்: "அடைமழையில் நம் கூரையைக் காத்தவரைத் துதியுங்கள், அவர் கிருபை என்றுமுள்ளது."

பெப்ரவரி 16, ஞாயிறு

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் பெரும்போக நெல் வெட்டு நடக்கிறது. அறுப்பின் பண்டிகைக்கு நெல் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க ஒன்று: வெட்டு மெசினில் இருந்து வந்த ஈரநெல்லை அப்படியே மூடையில் கட்டி ஆலயத்தில் வைக்கவேண்டாம். இரண்டொரு நாளில் சூடேறும், நெடி அடிக்கும், முளையும் விடும். காயவைத்து ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கிய நெல்லே தங்கும். ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள், டக்கென்று உடையவேண்டும்.

உபாகமம் 26இல் முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் கூடையை மட்டும் வைத்துவிட்டுப் போவதில்லை. எகிப்துக்குப் போன முற்பிதா தொடங்கி, அங்கே பட்ட அடிமைத்தனம், கர்த்தர் தந்த நிலம்வரை வாயால் அறிக்கையிடுகிறான். நம் பண்டிகைகளில் கூடை வருகிறது, அறிக்கை வருவதில்லை. பிறகு காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்கினால் பூசணிக்காயின் விலைதான் எல்லார் வாயிலும். ஏலத்துக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, கொண்டுவந்தவர் ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்லட்டும்: எந்த வட்டை (வயல்வெளி), என்ன விதைத்தது, எதிலிருந்து தப்பியது.

பெப்ரவரி 21, வெள்ளி

வீட்டு ஸ்தோத்திரக் கூட்டங்களில் பிரசங்கம் முக்கால் மணித்தியாலம் போய்விடுகிறது. எதற்காக அழைத்தார்களோ அந்தக் காரியத்தை வீட்டுக்காரர் வாய் திறந்து சொல்லாமலே சாப்பாட்டு இலை விழுகிறது. முதற்பாட்டு முடிந்ததும் அவருக்கு மூன்று நிமிடம் கொடுங்கள். சாப்பாட்டைக் குறைவாக எண்ணவும் வேண்டாம். லேவியராகமம் 7:15இன்படி ஸ்தோத்திரபலியின் இறைச்சியை அன்றே புசித்துவிட வேண்டும், விடியும்வரை வைக்கக்கூடாது. ஒரு வீட்டார் தனியே தின்று முடிக்க ஏலாது. அயலாரைக் கூப்பிட்டே ஆகவேண்டும்.

பெப்ரவரி 26, புதன்

2004 டிசெம்பர் 26 சுனாமியை நினைக்காமல் கல்லடி, நாவலடிக் கரையில் ஸ்தோத்திரம் பற்றிப் பேச முடியாது. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்கிறது. எபேசியர் 5:20இல் "எல்லாவற்றிற்காகவும்" என்றும் இருக்கிறது. இரண்டையும் இழவு வீட்டுக்குக் கொண்டுபோய் அழுகிறவர் வாயில் திணிக்கக்கூடாது. அங்கே சங்கீதம் 13ஐ வாசியுங்கள். ஆறே வசனம். நாலு தரம் "எதுவரைக்கும்" என்று கேட்ட பிறகே பாட்டுக்கு வருகிறது. அந்த ஆறாம் வசனத்துக்கு வர ஏலாதவருக்கு சங்கீதம் 88 இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபந்தான். அவருக்காகத் துதிப்பதைச் சபை செய்யட்டும்.

மார்ச் 5, சாம்பல் புதன்

தவக்காலம் தொடங்கும் இன்று முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவுவரை கத்தோலிக்கத் திருப்பலியில் அல்லேலூயா பாடுவதில்லை. வீட்டிலும் அப்படிக் கைக்கொள்ள விரும்புகிறவர்கள் கொப்பியை நிறுத்தவேண்டாம். மூன்று வரியும் சங்கீதம் 103ம் தொடரட்டும். அல்லேலூயா என்று தொடங்கி அல்லேலூயா என்றே முடிகிற 146 முதல் 150 வரையான ஐந்து சங்கீதங்களையும் உயிர்ப்பு ஞாயிறான ஏப்ரல் 20க்கு எடுத்துவையுங்கள்.