ஒற்றை "டொக்", 7.1 வோல்ட்: நான்கு மாதக் கோளாறு கையில் சிக்கியது

என் கார் சில நேரம் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தியதற்குக் காரணத்தை மூன்று வாரத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். விட்டு விட்டு வரும் கோளாறு என்பதால், தீர்ந்துவிட்டதை உறுதிசெய்யாமல் எழுத மனம் வரவில்லை. இதுவரை 64 முறை ஸ்டார்ட் செய்து நோட்டில் குறித்திருக்கிறேன், ஒருமுறைகூடத் தவறவில்லை.

பத்து முறை சாவியைத் திருப்பினால் ஒன்பது முறை உடனே பிடித்துக்கொள்ளும். பத்தாவது முறை ஒரே ஒரு "டொக்", செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) சுற்றாது. பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். ஓட்டி வந்து சூட்டோடு நிறுத்தி, உடனே எடுத்தால்தான் அதிகம் படுத்தும். வொர்க்‌ஷாப்பில் விட்ட நாளெல்லாம் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. முதலில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், தீரவில்லை. அடுத்து செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள். அளந்து பார்க்காமல் இன்னொரு பாகத்தை மாற்ற விருப்பமில்லாமல் நானே இறங்கினேன்.

ஒற்றை "டொக்" வருகிறது என்றால் சாவி சுவிட்சும் ரிலேயும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன, சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் மின்காந்த சுவிட்ச்) வரை மின்சாரம் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி சோர்ந்திருந்தால் "டக்டக்டக்" என்று படபடக்கும், அதுவும் இல்லை. இதைவிட முக்கியமான தடயம் ஒன்று கண் முன்னாலேயே இருந்தது: "டொக்" வரும் நேரத்தில் டேஷ்போர்டு விளக்குகள் மங்கவே இல்லை. செல்ஃப் இழுத்தும் சுற்றாமல் இறுகி நின்றிருந்தால் விளக்கு அணைகிற அளவுக்குப் போயிருக்கும். மங்கவில்லை என்றால் கரண்ட் போகவே இல்லை, வழியில் எங்கோ தடை.

தடை என்றதும் எல்லாரையும் போல மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி எர்த் பட்டையை, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியை, அளந்தேன். 0.2 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.2. அதாவது நான் அளந்தது மீட்டரின் வயரைத்தான். இந்த இடத்தில் ஒரு மாதம் போயிற்று. சாதாரண பெட்ரோல் இன்ஜினைச் சுற்ற செல்ஃபுக்கு 150 ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 0.01 ஓம் இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த 0.01-ஐ நம் கையில் இருக்கும் மீட்டர் காட்டாது. இருபது இழையில் இரண்டே இழை மிச்சமிருக்கும் வயர்கூட ஓம் சோதனையில் நல்ல வயர்தான்.

ஆகவே செல்ஃப் இழுக்கும்போதுதான் அளக்க வேண்டும், அதுவும் வோல்ட்டில். நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இரண்டையும் பார்த்துக்கொண்டு, இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றினேன். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முளையில், சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில். முளை என்றால் நடுவில் இருக்கும் ஈயம். அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் அல்ல. கிளாம்பில் வைத்தால் முளைக்கும் கிளாம்புக்கும் இடையே உள்ள கோளாறு கணக்கில் வராது. மீட்டரை MIN/MAX நிலையில் (மிகக் குறைந்த, மிகக் கூடிய அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்) வைப்பது நல்லது, சாவியைத் திருப்பும் அந்த இரண்டு விநாடியில் கண்ணால் பிடிக்க முடியாது.

எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நன்றாகச் சுற்றும்போதே 0.6 காட்டியது. சரி, இங்கேதான் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கோளாறு நடக்கும் கணத்தில் பார்க்க வேண்டும் என்று, மீட்டரை மாட்டியபடியே நான்கு நாள் ஓட்டி, நிறுத்தி, திருப்பிப் பார்த்தேன். நான்காம் நாள் சாயங்காலம் "டொக்". 7.1 வோல்ட். பேட்டரியில் 12.2 அப்படியே நிற்கிறது, செல்ஃபுக்குப் போனது சுமார் ஐந்துதான். உடனே ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேரே இன்ஜின் பிளாக்குக்குப் போட்டுத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே விர்ரென்று சுற்றியது.

பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் நன்றாக இருந்தது, விளக்கு மங்காததற்கும் அதுதான் காரணம். பாடியிலிருந்து கீர்பாக்ஸுக்குப் போகும் பின்னல் பட்டைதான் குற்றவாளி. போல்ட்டைக் கழற்றினால் லக் (பட்டையின் முனையில் இருக்கும் உலோக வளையம்) பளபளவென்று இருக்கிறது. லக்கை இழைகளோடு நசுக்கி இணைத்த, அதாவது கிரிம்ப் செய்த, இடத்தை மடக்கிப் பார்த்தபோதுதான் உள்ளேயிருந்து பச்சைத் தூள் கொட்டியது. இழைகள் சுள்ளி போல ஒடிந்தன. இன்ஜின் சூடேறி அசையும்போது தொடர்பு விட்டிருக்கிறது. கிளட்ச் கேபிளின் உறையும் ஓரிடத்தில் உருகியிருந்தது. எர்த் கிடைக்காத கரண்ட் கேபிள் வழியாகப் பாடிக்குத் திரும்பியிருக்கிறது. உங்கள் வண்டியிலும் இப்படி ஒரு கேபிள் காரணமில்லாமல் சூடானால், முதலில் எர்த்தைப் பாருங்கள்.

புதுப் பட்டை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. செம்பு என்று சொல்லி, செம்பு பூசிய அலுமினிய வயரையும் விற்கிறார்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நான் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளில் லக் கிரிம்ப் செய்து போட்டேன். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியவைத்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினேன்.

இப்போது எர்த் பக்கம் 0.11 வோல்ட். பாசிட்டிவ் பக்கம் 0.42 காட்டுகிறது. அங்கே 0.5 வரை பரவாயில்லை என்பார்கள், எனக்கு அது உறுத்துகிறது. சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் கான்டாக்ட்கள் தேய்ந்திருக்கும் என்று சந்தேகம். உருகின கிளட்ச் கேபிளை மாற்ற எப்படியும் அந்தப் பக்கம் கை விட வேண்டும், அப்போதே செல்ஃபையும் இறக்கிப் பிரித்துப் பார்க்கப் போகிறேன். புதுக் கான்டாக்ட் இரண்டுக்கும் கடையில் சொல்லியாயிற்று, வந்ததும் அளவு எடுத்து எழுதுகிறேன்.